பஞ்சு இல்லாத விதை

பாலைவனத்து நடுவே சூரியத் தகடுகளைக் கழுவிப் பழுது பார்க்கும் வேலை அவளுக்கு. கூட இருந்தவள் வேலையை விட்டுப் போனதிலிருந்து, தங்கும் அறையில் இரண்டு கட்டில், ஆள் ஒருத்தி. வாய் விட்டுப் பேசி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாது.

அபூர்வமாய் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. கொஞ்ச நாளில் வேலியோரம் ஒரு செடி மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தது. வெள்ளைக் கம்பளி போர்த்தினாற்போல இலைகள். படம் எடுத்து, காட்டுப் பூக்களை அடையாளம் சொல்லும் இணையக் குழு ஒன்றில் போட்டாள்.

மாலைக்குள் ஒரு குரல் பதிவு வந்தது. ஏதோ ஒரு கல்லூரியில் உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் பெண்ணாம்.

"அக்கா, சூரியகாந்திக் குடும்பம்தான். ஆனா இந்த மஞ்சப் பூவெல்லாம் ஒண்ணுபோலவே இருந்து எங்களையே ஏமாத்தும். ஒண்ணைப் பிரிச்சு நடுவுல பாருங்களேன்."

பிரித்தாள். நடுவில் பொடிப்பொடியாய் என்னவோ நெருக்கியடித்து நின்றன.

"அது ஒவ்வொண்ணும் தனிப் பூக்கா. சுத்தி இருக்கற இதழும் ஒவ்வொண்ணும் ஒரு பூ. எல்லாம் சேர்ந்து ஒரே வீட்டுல கூட்டுக்குடித்தனம்."

"நல்லா இருக்கே! இங்க நான் ஒண்டிக்கட்டை, அது கூட்டுக்குடித்தனமா?"

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் தினமும் ஒரு கேள்வி வந்தது. இதழ் நுனி மூன்றாகப் பிளந்திருக்கிறதா? காய்ந்தும் உதிராமல் காகிதம்போல நிற்கிறதா? அவள் காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் வேலிக்கு ஓடினாள்.

"கடைசியா ஒண்ணுதான். விதை முத்தினதும் நுனியில பஞ்சு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா நான் நினைச்ச செடியேதான். அதோட வேலை முடிஞ்சுது."

'முடிஞ்சுது' என்றது அவளுக்குச் சுருக்கென்றது.

விதை முத்தியது. பஞ்சு இல்லை. "இன்னும் முத்தலைம்மா" என்று சொல்லி அனுப்பினாள். மறுநாளும் அதையே சொன்னாள். அந்தப் பெண்ணும் நம்பி, நடுநடுவே தன் அறை ஒழுகுவதையும் பூனை குட்டி போட்டதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க இவளுக்குச் சோறு இறங்கியது. பொய் மட்டும் தொண்டையில் நின்றது.

"அக்கா, உங்க செடியோட ஒப்பிட்டுப் பார்க்க, உலர்த்தி வெச்ச பழைய செடிங்களை எல்லாம் மேசையில பரப்பியே வெச்சிருக்கேன். எங்க மேடம் திட்டறாங்க. எப்ப முத்தும்?"

அதற்குமேல் தாங்கவில்லை. விதையை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். "அப்பவே முத்திருச்சு. நான்தான் சொல்லலை."

"ஏன்க்கா?"

"பேர் தெரிஞ்சுட்டா நீ போயிடுவியேன்னு."

பிறகு அந்தக் குரல், மெதுவாக:

"பாலைச் சாமந்தின்னு சொல்லலாம்க்கா. யாரும் கொண்டுவந்து நட்டதில்ல, அந்த மண்ணுலயே பிறந்தது. நான்... போகத்தான் செய்வேன்க்கா. பூவோட பேர் கேட்டுக் காத்திருக்கறவங்க நிறைய பேர். வேற பூ பார்த்தா அனுப்புங்க, கண்டிப்பா."

கோபமில்லை அந்தக் குரலில். அதுவே அவளை அழ வைத்தது.

அப்புறம் மழையே இல்லை. அனுப்ப ஒன்றும் பூக்கவில்லை. விடுப்பு நாள் ஒன்றில் அவள் வேலியைத் தாண்டி, வறண்ட ஓடைத் தடம் வழியே வெகுதூரம் நடந்தாள். ஒரு பாறை இடுக்கில் முட்செடி ஒன்று. அதில் கடுகளவு மொட்டு.

பூக்க நாளாகும். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நிறம் தெரிகிறதா என்று பார்த்தாள்.