சைரன் எவ்வளவு நேரம் அடித்தது

எனக்குச் சந்தேகம்தான் தொழில். வீட்டில் அதை வியாதி என்பார்கள். பால் கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு, கணவரிடம் கொடுத்து அவரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லும் ஆள் நான். அவர் பல் வைத்தியர். "உன்னை நம்ப வைக்கறதைவிடக் கடவாய்ப் பல்லைப் பிடுங்கறது சுலபம்" என்று அலுத்துக்கொள்வார்.

வேறு வேறு நாட்டுக் கம்பெனிகளுக்குள் வரும் தகராறுகளை, கோர்ட்டுக்குப் போகாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர்கள் முன்னால் நடத்துவது எங்கள் அலுவலகத்தின் வேலை. முன்பெல்லாம் எல்லாரும் ஒரே அறையில் உட்காருவோம். சாட்சி பொய் சொல்கிறானா என்று தெரிய மேசைக்கு அடியில் ஆடும் காலைப் பார்த்தால் போதும். காணொளி விசாரணை வந்ததிலிருந்து அந்த நிம்மதி போயிற்று. மூன்று நடுவர்கள் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். ஒருவர் காலைக் காப்பியோடு வருவார், இன்னொருவர் கொட்டாவியோடு வருவார். சாட்சி எங்கோ ஒரு ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு, மடிக்கணினியைத் தூக்கிக் கதவு, திரைச்சீலை, மேசைக்கு அடி என்று சுற்றிக் காட்ட வேண்டும். இரண்டு காதையும் திருப்பிக் காட்ட வேண்டும். எதிர்த்தரப்புச் சாட்சி என்றால் நான் குளியலறையையும் காட்டச் சொல்வேன். போன வழக்கில் ஒரு பொறியாளர் தன் மைத்துனரை அங்கேதான் நிறுத்தி வைத்திருந்தார்.

இந்த வழக்கில் எங்கள் கட்சிக்காரர் வால்வு செய்கிறவர். அவர் வால்வுகளை வாங்கிய ஒரு வெளிநாட்டு ரசாயன ஆலையில் நீராவிக் குழாய் வெடித்தது. நல்லவேளை, ஆள் சேதம் இல்லை. ஆலை மட்டும் மாதக்கணக்கில் நின்றுபோனது. வால்வுதான் கோளாறு என்றது ஆலை. வெடிப்பதற்கு முன்னால் வால்வோடு இணைத்திருந்த எச்சரிக்கை சைரன் அடித்தது, ஆலைக்காரர்கள்தான் கண்டுகொள்ளவில்லை என்றோம் நாங்கள். சைரன் அடித்ததைப் பதிவு செய்யும் கருவி வெடிப்பிலேயே கருகிவிட்டது. மிஞ்சியது இரண்டு சாட்சிகள். ஒருவர், அன்று அங்கே பழுது பார்க்கப் போயிருந்த எங்கள் கட்சிக்காரரின் டெக்னீஷியன். இன்னொருவர் அந்த ஆலையில் ஷிப்ட் மேற்பார்வை பார்த்துவிட்டு, வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்ட ஓர் அம்மாள்.

டெக்னீஷியனை நான் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மாளைத் தம்பியிடம் விட்டிருந்தேன். தம்பி என்றால் என் கூடப் பிறந்த தம்பி. அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி அவனுடையது. பரீட்சைக்கு அவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுக் கேட்டுப் படிக்க வைத்தவள் நான். அவனுக்கு வக்கீல் உரிமம் கிடைத்த அன்று அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன். அது போதாதென்று இன்னொரு நாட்டிலும் பரீட்சை எழுதி அங்கேயும் உரிமம் வாங்கினான். அந்த நாட்டில் சாட்சியை உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பது அன்றாட வேலை. பார்க்காத வக்கீலைச் சோம்பேறி என்பார்கள். எங்கள் நாட்டில் ஒத்திகை பார்த்தால் உரிமம் போய்விடும். இந்த வழக்குக்கு எங்கள் நாட்டு விதிதான் என்று நடுவர்கள் முதல் உத்தரவிலேயே எழுதிவிட்டார்கள். சாட்சியைச் சந்திக்கலாம், நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம், ஆனால் பதில் சொல்லப் பழக்கக் கூடாது.

முதல் நாள் டெக்னீஷியன் சாட்சி சொன்னார். சைரன் எவ்வளவு நேரம் அடித்தது என்று கேட்டதற்கு, "ஒரு கப் டீ ஆறுற நேரம் இருக்கும் சார்" என்றார். நடுவர் தலைவர் லேசாகச் சிரித்துக் குறித்துக்கொண்டார். எனக்கும் பிடித்திருந்தது. பார்த்தவன் பேசுகிற பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். நிதானமான பெண், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தார். அதே கேள்வியை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"ஒரு கப் டீ ஆறுற நேரம் இருக்கும் சார்" என்றார் அந்த அம்மாள்.

இருவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. வெடிப்பு நடந்தபோது ஒருவர் ஆலைக்கு வெளியே, மற்றவர் உள்ளே. மொழிபெயர்ப்பாளர்தான் நேற்றுச் சொன்னதை மறுபடி எடுத்துவிட்டாரோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். ஆனால் சாட்சிகள் இருவரும் எங்கள் மொழிதான் பேசினார்கள். நான் நேராகக் காதால் கேட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் இருமினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே இருமல்காரர். அடிக்கப் போகும் முன் தொண்டையைச் செருமிக்கொள்வது அவர் வழக்கம். "சாட்சி இந்த விசாரணைக்கு எப்படித் தயாரானார் என்று கேட்க விரும்புகிறேன். இடைவேளைக்குப் பிறகு கேட்கிறேன்" என்றார். தலைவர் சரி என்றார். திரை அணைந்தது.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான்.

"ரெண்டு பேரையும் எங்கயாவது சேர்த்து உட்கார வச்சியா?"

"இல்லக்கா."

"போன்ல?"

"இல்லக்கா. சத்தியமா."

சத்தியம் என்றாலே எனக்கு இன்னொரு சந்தேகம் முளைக்கும். கொஞ்ச நாளாக அவன் யாரிடமோ மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. நான் போனால் திரையைக் கவிழ்த்து வைப்பான். மனைவியோடு சண்டை போலிருக்கிறது என்று விட்டிருந்தேன்.

"என் காதுல பூ சுத்தாத. டீ எங்கேர்ந்து வந்துச்சு?"

அவன் தன் டேப்லெட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். அதில் இருந்தது, சாட்சிகளுக்காகவே ஒரு நிறுவனம் விற்கும் மென்பொருள். எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரிக் குரலில் கேள்வி கேட்கும், சாட்சி தன் வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்லிப் பார்க்கலாம்.

"பயம் தெளியத்தான் குடுத்தேன். அது கேள்விதான் கேட்கும். பதிலெல்லாம் சொல்லித் தராது. எல்லா நாட்டுலயும் இப்ப இதைத்தான் பயன்படுத்தறாங்க."

"டெக்னீஷியனுக்குமா?"

"அவருக்கும்தான். உனக்குத் தெரிஞ்சா திட்டுவியோன்னுதான் சொல்லல."

நான் சாட்சியாக உட்கார்ந்தேன். சைரன் எவ்வளவு நேரம் அடித்தது என்று அந்தக் குரல் கேட்டது. அச்சு அசல் இருமல்காரர். இருமல் மட்டும்தான் இல்லை. "கொஞ்ச நேரம் அடிச்சுது" என்றேன். திரையில் மதிப்பெண் சிவப்பாகச் சரிந்தது. "இந்தப் பதில் நம்பிக்கை தராது. அன்றாட அனுபவத்தோடு இணைத்துச் சொல்லுங்கள். உதாரணம்: ஒரு கப் டீ ஆறும் நேரம். மீண்டும் முயலுங்கள்" என்றது. நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். மதிப்பெண் பச்சையாக ஏறியது. மணி ஒன்று இனிமையாக ஒலித்தது.

தம்பி டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து மறுபடி படித்தான். அவன் அதை ஒரு தடவைகூடத் தானே ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.

சாட்சியம் முடியாத அந்த அம்மாளிடம் பேசக் கூடாது. டெக்னீஷியனின் சாட்சியம் முடிந்துவிட்டதால் அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"டீயெல்லாம் விடுங்க. உங்களுக்கு நிஜமா என்ன ஞாபகம் இருக்கு?"



"டீ வாசனையே எனக்கு ஆகாது மேடம். ஆனா அது கேட்கக் கேட்க, நான் சொல்லச் சொல்ல, அப்படித்தான் நடந்த மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி மனசுல என்ன இருந்துச்சுன்னு இப்ப தேடினா கிடைக்கல."

"சைரன் அடிச்சுதா?"

"அடிச்சதுன்னுதான் நினைக்கிறேன்."

பொய் சொல்கிறவனை எனக்குத் தெரியும். அவனைப் பிடிக்க நூறு வழி உண்டு. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை, அவரிடம் இருந்த நிஜத்தை நாங்கள் எடுத்துவிட்டோம். எனக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை அறையலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இருந்த அதே முகத்தோடு இருந்தான்.

"அக்கா, அவர் கேட்டா அந்தம்மா உண்மையைச் சொல்லிடுவாங்க. என் உரிமம் போயிடும்."

"தெரியும்."

இடைவேளை முடிந்து எல்லா முகங்களும் திரைக்கு வந்தன. இருமல்காரர் தொண்டையைச் செருமினார். "நான் கேட்பதாகச் சொன்ன கேள்வியைக் கைவிடுகிறேன். எங்களுக்கு இந்தச் சாட்சியிடம் வேறு கேள்வி இல்லை" என்றார்.

தம்பி மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டான். தப்பித்தோம் என்று அவனுக்கு நிம்மதி. எனக்கு அங்கேதான் உறுத்தியது. கையில் கிடைத்த எலியைப் பூனை சும்மா விடுமா? மறுநாள் அவருடைய சாட்சிகள் வர வேண்டும். இடைவேளையில் அவரும் தன் அலுவலகத்தில் யாரையோ உட்கார வைத்து விசாரித்திருப்பார், அதே மென்பொருள் அங்கேயும் இருந்திருக்கும். இந்தப் பேச்சை எடுத்தால் அவர் கதவும் சேர்ந்து திறக்கும். நிரூபிக்க என்னிடம் எதுவும் கிடையாது. ஆனாலும் என் சந்தேகம் அப்படித்தான் ஓடியது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இரண்டு பக்கத்துக் கிளிப்பிள்ளைகளும் சொன்னதை வைத்து மூன்று நடுவர்களும் தீர்ப்பு எழுதுவார்கள். தம்பிக்கும் ஒன்றும் ஆகாது.

"உங்கள் தரப்பில் சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

டெக்னீஷியன் சொன்ன "தேடினா கிடைக்கல" காதிலேயே நின்றது. அந்த அம்மாளுக்காவது தேடினால் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். தம்பியின் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு பேசினேன். எங்கள் சாட்சிகள் இருவரும் ஓர் ஒத்திகை மென்பொருளோடு பழகினார்கள், அது அவர்கள் வாயில் வார்த்தையைப் போட்டிருக்கிறது, உத்தரவை மீறிவிட்டோம் என்று சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதைக் கொடுத்தது யார்?"

தம்பி சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் முடிந்த வரை காத்திருந்தேன்.

"என் தம்பி" என்றேன்.

"ஆமாம்" என்றான் அவன், தலை நிமிராமல்.

இருமல்காரர் இருமவே இல்லை. தன் கேமராவை அணைத்துவிட்டார்.

நடுவர்கள் தனியாகப் பேசிவிட்டு வந்தார்கள். தம்பி பற்றி உரிமம் வழங்கும் குழுவுக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார் தலைவர். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, பழகியதையெல்லாம் மறந்துவிட்டு, அன்று நடந்ததில் உங்களுக்கு நினைவிருப்பதை மட்டும் உங்கள் போக்கில் சொல்லுங்கள் என்றார்.

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"சைரன் ரொம்ப நேரம் அடிக்கல சார். நான்தான் நிறுத்தினேன். பொத்தானை இந்தக் கையாலதான் அமுக்கினேன். அது எப்பப் பார்த்தாலும் சும்மா சும்மா அடிக்கும். அடிச்சா நிறுத்திட்டு வேலையைப் பாருன்னு மேனேஜர் எங்க எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தார். அன்னிக்கும் அப்படித்தான்னு நினைச்சேன். அதுக்கப்புறம் எனக்கு அங்க வேலை பார்க்கவே மனசு வரல."

சைரன் அடித்தது, வால்வு அபாயத்தைக் காட்டிக்கொடுத்தது, ஆலையே சொல்லி அதன் வாயை அடைத்திருந்தது. இத்தனை மாதமாக நாங்கள் கஷ்டப்பட்டு நிரூபிக்கப் பார்த்ததைவிட இது பெரிய விஷயம். வழக்கு எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார் தலைவர்.

"முதல் நாளே அந்த மெஷின்கிட்ட சொன்னேன் சார். இது உங்களுக்கே பாதகம், கேட்காததைச் சொல்ல வேண்டாம்னுச்சு. மார்க்கைக் குறைச்சுது. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

விசாரணை அன்றைக்கு முடிந்தது. திரை அணைவதற்குள் கட்சிக்காரர் போன் செய்துவிட்டார். "பிரமாதம் மேடம். அந்தம்மாவைத் தேடிப் பிடிச்சது தம்பிதானே? என் வாழ்த்தைச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தம்பி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் அவன் தோளில் கை வைத்தேன், அவன் தட்டிவிடவில்லை.

"அந்தம்மாவை ஒரு தடவைகூட நேர்ல போய்ப் பார்க்கல நான். எல்லாம் மெயில்லதான். பேசினா ஒத்திகைன்னு சொல்லிடுவாங்களோ, உரிமத்துக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துகிட்டுதான்கா போகல" என்றான்.