வாசலில் மாமரக் கிளைகள்

ரோட்டின் குறுக்கே கிடந்த மாமரக் கிளைகளை அவசரமாக இழுத்து ஓரத்தில் தள்ளிக்கொண்டிருந்தேன். விடிந்து பார்த்தால் எங்கள் வாசலுக்கு நேரே கிடந்தன. எங்கள் பிளான்டயர் நகரில் சாவு வீட்டுக்கு முன்னால்தான் அப்படிக் கிளை போடுவார்கள், வண்டிகள் மெதுவாகப் போகட்டும் என்று. எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. இன்னும்.

உள்ளே என் அக்கா ஃபட்சானி, ஹைகோர்ட் நீதிபதி, தீர்ப்பை மடியில் வைத்துக்கொண்டு போலீஸ் வண்டிக்காகக் காத்திருந்தாள். லாரி முதலாளி சிப்வேசோ மீது கொலை வழக்கு. தீர்ப்பை வாசிக்காமல் அக்கா செத்தால் விசாரணை மறுபடி முதலிலிருந்து. சாட்சிகளில் இரண்டு பேர் ஏற்கெனவே மண்ணுக்குள். போலீஸ் வண்டி வழியில் பஞ்சராம். தெருமுனையில் நேற்று முழுக்க நின்ற வெள்ளை பிக்கப் இன்று காலை மறுபடி வந்துவிட்டது. மிரட்டக் கிளை போட்டதும் அவன் ஆட்கள்தான் என்று நினைத்தேன். வெளியே போக வேறு வழி கிடையாது.

"கிளையை ஏன்டி தொடுற? யாரு போனது?" பக்கத்து வீட்டு நாமோயோ தலையில் மக்காச்சோள மாவுப் பாத்திரத்தோடு நின்றாள். பின்னால் சாவு வீட்டுச் சமையலுக்கு விறகோடு பெண்கள்.

யாரும் இல்லை என்றேன். அவள் முகம் மாறியது. "பொய்க்குக் கிளை போட்டா, போட்டவங்களைத்தான்டி சாவு தேடி வரும்."

உள்ளே ஓடிச் சொன்னேன். அக்கா அசையவில்லை. முதல் வேலையில், நசான்ஜே கோர்ட்டில், வழக்குக்கு வந்தவர்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து "ஐயா எப்ப வருவாரு?" என்று கேட்பார்களாம். அப்போது வைத்துக்கொள்ளும் அதே முகம். கோட்டைக் கழற்றிவிட்டுப் பழைய துணியைச் சுற்றிக்கொண்டாள்.

"போய் நான் செத்துட்டேன்னு சொல்லு. பிக்கப்ல இருக்கிறவன் காதுல விழணும்."

சொன்னேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை, அழுகை தானாக வந்தது. தெருவிலிருந்து வந்த ஆண்கள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அலறிக்கொண்டு உள்ளே போன பெண்கள், உயிரோடு உட்கார்ந்திருந்த அக்கா உதட்டில் விரல் வைத்ததைப் பார்த்து இன்னும் சத்தமாக அலறினார்கள்.

பிக்கப்பிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றினான். எப்படி என்று கேட்டான். ராத்திரி நெஞ்சுவலி என்றேன். என் கண்ணையே பார்த்தான்.

"ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கிறேன்மா."

நாமோயோ வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"பொம்பளைங்க உக்காந்திருக்கிற இடத்துல உனக்கென்னய்யா வேலை? உங்கம்மா சாவுலயும் இப்படித்தான் நுழைஞ்சியா?"

முற்றத்து ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான். யாருக்கோ போன் பேசினான். பிக்கப் போய்விட்டது.

சாவு வீட்டுக்கு விறகு எடுக்கப் போகும் லாரியில், முக்காடு போட்ட பெண்களுக்கு நடுவே அக்கா. மாவுப் பாத்திரத்துக்குள் தீர்ப்பு. எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எனக்கு மூச்சு நின்றது.

கோர்ட்டில் சிப்வேசோ வக்கீலிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா நீதிபதி கவுனோடு உள்ளே நுழைந்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது. குற்றவாளி என்று வாசித்தபோது அவள் குரல் பிசகவில்லை.

கோர்ட்டில் அக்காவின் அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தினேன். நம்மைப் பயமுறுத்தக் கிளை போட்டவனுங்களே நம்மைக் காப்பாத்திட்டானுங்க என்றேன். அக்கா தண்ணீர் குடிக்கப் பார்த்தாள். இப்போதுதான் தம்ளர் அவள் பல்லில் தடதடவென்று இடித்தது.

"அவனுங்க போடலடி. விடியறதுக்கு முன்னாடி நான்தான் வெட்டிப் போட்டேன்."