துரைசானிக்கு ஒரு பட்சி

அன்று காலை பாலிகஞ்ச் வீட்டில் இருந்தவர்கள்: என் அத்திம்பேர் மஹாதேவன், தலைப்பாகையோடு, என் அக்கா அனந்தலக்ஷ்மி, மடியோடு, சணல் கம்பெனி துரையின் மனைவி, பூட்ஸோடு, அடுத்த வீட்டுப் பூனை, பூஜை அறையில் வள்ளி தெய்வானை சமேத சுப்ரமணிய சுவாமி, கடைசியாக நான். தந்தி ஆபீஸ் ராத்திரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் அத்திம்பேரின் வாயால் வந்தது. கார்டன் ரீச்சில் அவருடைய சணல் கம்பெனி ஆபீஸில் தலைமை குமாஸ்தா நாற்காலி காலியாகியிருந்தது. அவரும் சிவராமகிருஷ்ணன் என்ற இன்னொரு குமாஸ்தாவும் அதன்மேல் கண்ணாக இருந்தார்கள். அந்தச் சமயத்தில் ஆபீஸுக்கு வந்த துரைசானி, தான் ஜமைக்காவில் வளர்ந்தவள் என்றும், அங்கே பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ஹம்மிங் பட்சியைக் கல்கத்தாவில் காணோமே என்றும் சொல்லியிருக்கிறாள். வெள்ளைக்காரர் எதைக் கேட்டாலும் அத்திம்பேர் இல்லை என்று சொன்னதில்லை. அது தம் தோட்டத்துக்குத் தினமும் வருகிறது என்றுவிட்டார். செடியெல்லாம் பூக்கிற பருவத்தில் பார்க்க வருகிறேன் என்றாள் துரைசானி.

அத்திம்பேருக்குத் தோட்டமே கிடையாது.

இந்தத் தேசத்தில் அந்தப் பட்சியும் கிடையாது என்று நான் சொன்னேன்.

“துரைசானி இருக்குன்னு நெனச்சா இருக்கு. நீ மண்ணைக் கொத்து,” என்றார்.

கொத்தினேன். செம்பருத்தியும் இட்லிப்பூவும் நட்டோம். ஒரு தேன்சிட்டு வந்தால் போதும், தூரத்திலிருந்து காட்டிச் சமாளித்துவிடலாம் என்பது அவர் யோசனை. செடிகள் சோனியாகவே நின்றன. மீன் தலையைப் புதைத்துப் பாருங்கள் என்றார் அடுத்த வீட்டு கோஷ் பாபு. அத்திம்பேர் ஒரு வேளைகூடச் சந்தியாவந்தனம் தவறாதவர். வேலைக்காரனிடம் சொன்னால் அக்கா காதுக்குப் போய்விடும் என்று, மீன் தலைகளைத் தாமே கூடையில் கொண்டுவந்து, நான் தோண்டிய குழிகளில் தம் கையாலேயே போட்டார். அதற்கப்புறம் செடிகள் வெறி பிடித்த மாதிரி பூத்தன.

தேன்சிட்டுதான் வரவில்லை. காரணம் அக்கா. விடிந்ததும் குளித்துவிட்டு, ஒரு பூ விடாமல் பறித்து சுவாமிக்குச் சாற்றிவிடுவாள். பட்சிக்கு இலைதான் மிச்சம். அத்திம்பேர் கெஞ்சிப் பார்த்தார். பட்சி வாய் வைத்த பூவை சுவாமிக்கு எப்படிச் சாற்றுவது என்று கேட்டாள். துரைசானி வருகிற அன்று மட்டுமாவது பறிக்காதே என்றார். சுவாமிக்கு லீவு விடும் வழக்கம் தன் பிறந்த வீட்டில் இல்லை என்றாள். அது வாஸ்தவம்தான். அந்த வீட்டில் பிறந்து லீவு எடுத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

துரைசானி வந்தபோது தோட்டத்தில் ஒரு மொட்டுகூட இல்லை. அத்திம்பேர் இலைகளைக் காட்டி இங்கிலீஷில் பேசிக்கொண்டே நடந்தார். முந்தின நாள்தான் பேராசைப்பட்டு இன்னும் கொஞ்சம் உரம் புதைத்திருந்தார். கோஷ் பாபுவின் பூனை செம்பருத்தி அடியைப் பிராண்டி ஒரு மீன் தலையை வெளியே இழுத்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு வந்து, வாசலில் நின்ற அக்காவின் காலடியில் போட்டது.

அக்கா மீன் தலையைப் பார்த்தாள். பிறகு அத்திம்பேரைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். விசாரணை அதோடு முடிந்தது.

அப்போது உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். துரைசானி முதலில் ஓடிப் பூஜை அறை நிலைப்படியில் நின்றாள், நாங்கள் பின்னால் ஓடினோம். ஜன்னல் கம்பி வழியாக ஒரு தேன்சிட்டு நுழைந்திருந்தது. சுப்ரமணியர் தலையில் வைத்த செம்பருத்திக்கு முன்னால் படபடவென்று சிறகடித்து, அந்தரத்தில் நின்று குடித்தது. வெயில் பட்டு நீலமாக மின்னியது. இது அந்தப் பட்சி இல்லை என்று துரைசானி மெதுவாகச் சொன்னாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

அத்திம்பேர் அவளை உள்ளே அழைத்துக்கொண்டு தாமும் காலெடுத்து வைத்தார். அக்கா நிலையில் குறுக்கே கை வைத்தாள்.

“நீங்க எங்க வரேள்?”

“நாற்காலி போயிடும்டி.”

“அவ வரட்டும். உங்களைத்தான் வராதேள்ங்கறேன்.”

“அவ மாடு திங்கறவ.”

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.”

“அப்ப அந்தப் பூ? அதுவும் மீன்லதானே வளர்ந்தது?”

“சேத்துல மொளைச்சாலும் தாமரை தாமரைதான். மீன் தொட்ட கை மீன் தொட்ட கைதான். எப்படியும் இன்னிக்கு அறையை அலம்பி விடணும். அவளும் பாத்துட்டுப் போகட்டும்.”

அக்கா பூட்ஸைக் காட்டினாள். பிறகு தண்ணீர்ச் செம்பைக் காட்டினாள். துரைசானி தரையில் உட்கார்ந்து கயிறுகளை அவிழ்த்தாள், கால் அலம்பினாள். உள்ளே தம்மைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஆளில்லையே என்று அத்திம்பேர் தவித்தார். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சுப்ரமணியருக்குத் தெரியுமோ என்னவோ.

துரைசானி வெறுங்காலோடு உள்ளே போனாள். அவள் பின்னாலேயே நுழைந்த அக்கா, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.