ஒருக்கா கேட்டால் காணுமோ?

எங்கள் மரியதாஸ் அண்ணைக்கு முப்பது வருஷமாக நோர்வேயில் வாசம். அங்கே பேர்கன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, வட ஐரோப்பாவில் உள்ள அத்தனை சனத்தையும் சட்டைப் பைக்குள் போட்டு வைத்திருப்பவர் போலக் கதைப்பார். என் மகன் டெனுசன் ஒரு பின்லாந்துப் பெண்ணை விரும்புகிறான், அவளுடைய தாய் தகப்பன் லண்டன் எட்மண்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார்கள் என்று நான் போனில் சொன்னதுதான் தாமதம், சனிக்கிழமையே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை நாயகி. நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து எல்லாம் ஒரே அச்சு. நல்ல உயரம், வெள்ளைத் தலைமயிர், நீலக்கண். கதைபேச்சும் குறைவு, நேரமும் தவறமாட்டினம். நான் சொல்லுற மாதிரி நட. அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

வேறு நாளாக இருந்திருந்தால் "உங்கடை பஸ்ஸிலை ஏறினவையை வச்சுத்தானே சொல்லுறியள்" என்று வாயை அடைத்திருப்பேன். அன்றைக்கு எனக்குப் பயம். அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. பெனடிக்ற் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, என் அம்மா கடையில் வாங்கிவந்த சோடாவைக் கிளாஸ்களில் ஊற்றி வைத்தா. ஒருவரும் தொடவில்லை. எங்கள் ஊரில் சம்பந்தம் பேச வந்த வீட்டில் வாய் நனைக்காமல் எழும்பினால், நீங்கள் எங்களுக்குச் சரிவரமாட்டீர்கள் என்று அர்த்தம். அதை வாயால் வேறு சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு தவறாமல் ஒரே மாதா கோயிலில் பூசை காண்கிற சனம்தான், ஆனாலும் அந்தச் சாதிக் கணக்கு எங்களுக்குள்ளும் இருந்தது. பெனடிக்ற் மட்டும் தன் சோடாவை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு எட்டி, தன் தாய்க்கு வைத்ததையும் எடுத்துக் குடித்தார். அந்த மனுஷனை நான் கட்டினதே அதனால்தான். ஆனாலும் மற்றக் கிளாஸ்கள் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. என் பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் வரவே கூடாது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து எல்லாவற்றையும் சமைத்து மேசையில் பரப்பினேன். ரோல்ஸ், கட்லற், சோறு, உறைப்புக் குறைத்த ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, பொரித்த மீன். அந்தப் பெண் சன்னா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ற். காலை ஷிப்ட் முடிய அவளை ஏற்றிக்கொண்டு வர டெனுசன் காரில் போயிருந்தான். தாய் தகப்பன் ஹொட்டலில் இருந்து நேரே வந்து ஒரு மணிக்கு இங்கே நிற்பார்கள் என்று ஏற்பாடு.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், தூறலில் இரண்டு பேர் நின்றார்கள். மனுஷி கட்டை, கறுத்த தலைமயிர், உயர்ந்த கன்னம், சின்னக் கண். மனுஷனுக்கு மொட்டைத் தலை, மண்ணிறத் தாடி. அவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நின்றார்கள்.

"இவையளோ தெரியேல்லை அண்ணை."

அண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "சீ, இவையள் இல்லை. கவுன்சிலாலை குப்பை பாக்க வந்த ஆக்கள்."

"ஞாயிற்றுக்கிழமையிலை எந்தக் கவுன்சில் வரும்?"

சரியாக ஒரு மணிக்குக் கதவு மணி அடித்தது. வாசலில் அந்த இரண்டு பேரும்தான். மனுஷனுக்குப் பெயர் வெய்க்கோ, மனுஷிக்கு ஐலா. நேரத்துக்கு முன்னால் வந்து எங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதென்று மழையில் நின்றார்களாம். "நேரம் தவறமாட்டினம் எண்டு சொன்னனான்தானே" என்று அண்ணை, நிறத்தையும் உயரத்தையும் மறந்து, அந்தப் பெருமையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

வந்தவர்கள் யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி, சோடி சேர்த்துச் சுவரோரம் வைத்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பக்கத்து வீட்டு இங்கிலீஸ்காரி நல்ல மனுஷிதான், ஆனால் இத்தனை வருஷமாகச் சப்பாத்தோடுதான் என் கார்ப்பெற்றில் நடக்கிறா. ஐலா வெள்ளித்தாளில் சுற்றிய பெரிய பொட்டலம் ஒன்றை இரண்டு கையாலும் என்னிடம் தந்தா.

பெனடிக்ற் அவர்களை முன்னறையில் இருத்தினார். நான் ஜூஸ் கொண்டுபோனேன். ஐலா தலையை ஆட்டி, "வேண்டாம், நன்றி" என்றா. வெய்க்கோவும் அதையேதான் சொன்னார். ரோல்ஸ் தட்டை நீட்டினேன். அதற்கும் வேண்டாம், நன்றி. "சாப்பாடு தயார், வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டேன். "அவசரம் இல்லை, எங்களுக்காகச் சிரமப்பட வேண்டாம்" என்றார் வெய்க்கோ. இருவரும் கதிரையை விட்டு அசையவில்லை.

என் வாய் பழக்கத்தில் அடுத்த தரம் கேட்கத் திறந்தது. அண்ணை என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்தார்.

"ஒருக்கா கேட்டாச்சு. இனிக் கேக்காதை. இவையள் ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை. வற்புறுத்தினால் கோவம் வரும். எங்கடை ஆக்கள் மாதிரி இல்லை."

"அப்ப சாப்பிடாமலே போகப் போகினமோ?"

"பசிச்சால் கேப்பினம்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அண்ணை நிலைமையைச் சமாளிக்க நோர்வே மொழியில் வெளுத்து வாங்கத் தொடங்கினார். வெய்க்கோ கடைசி வரையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில், "மன்னிக்க வேண்டும், எங்கள் மொழி வேறு இனம். பள்ளிக்கூடத்தில் சுவீடிஷ் படித்தேன், அதிலும் பெயில்" என்றார். அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெனடிக்ற் இருமுவது போலச் சிரித்தார்.

பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. டெனுசன் நோர்த் சேர்க்குலர் ரோட்டில் டிராபிக்கில் நிற்பதாக மெசேஜ் அனுப்பியிருந்தான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. எதிரே சின்ன மேசையில் இரண்டு கிளாஸ் ஜூஸ், ஊற்றினபடியே இருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. எத்தனை கடல் தாண்டி வந்தும் இதுதானா? என் பிள்ளையை இவர்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் நிறமோ, எங்கள் வீடோ, ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. வாயால் சொல்லாமல் சொல்கிறார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடமுடவென்று, நீளமாக, கடைசியில் ஒரு இழுவையோடு. வெய்க்கோவின் வயிறு. வேறு நாளென்றால் எங்கள் வீட்டுச் சந்தடியில் கேட்டிருக்காது. இப்போது எல்லாருக்கும் கேட்டது. மனுஷன் காதுவரை சிவந்து கார்ப்பெற்றைப் பார்த்தார்.

பசித்த வயிற்றோடு ஒரு மனுஷன் என் வீட்டில் இருக்கிறான், ஆறு வகைச் சாப்பாட்டோடு நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று கேட்டால், அண்ணைமேல்தான்.

"நாயகி, பொறு" என்றார் அண்ணை.

"நீங்கள் பேசாமல் இருங்கோ! ஒருக்கா கேட்டால் காணுமோ? வீட்டுக்கு வந்த சனத்தை ஒருக்காத்தான் கேக்கிறதோ?"

எழும்பிப் போய் ஐலாவின் கையைப் பிடித்தேன். "சாப்பிட வாருங்கள்" என்றேன். அவ மறுபடியும், "சிரமம் வேண்டாம்" என்றா. ஆனால் இந்த முறை என் கையை விடவில்லை. "எழும்புங்கோ! சோறு ஆறுது, வாங்கோ!" என்று தமிழிலேயே போட்டேன். நான் சொல்லி முடிக்கமுதல் இரண்டு பேரும் ஒன்றாக எழும்பிவிட்டார்கள். அவர்கள் மேசைக்கு நடந்த வேகத்தைப் பார்த்துப் பெனடிக்ற் வழிவிட்டு ஒதுங்கினார்.

தட்டு நிறையச் சோறு போட்டேன். வெய்க்கோ கறியை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டு, மூக்கைத் துடைத்து, திரும்பவும் சாப்பிட்டார். ஐலா ஜூஸை எடுத்துவரச் சொல்லிக் குடித்தா. பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தபோது நான் மூன்றாம் தரம் மீன் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐலா மகளைக் கண்டதும் கடகடவென்று ஏதோ சொன்னா. அதுவரை இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்காத மனுஷி! சன்னா கேட்கக் கேட்கச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"அன்ரி, எங்கள் கிராமத்தில் கூப்பிட்ட உடனே மேசைக்குப் போனால் மரியாதையில்லை. வேண்டாம் வேண்டாம் என்று இருக்க வேண்டும், மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் எழும்பலாம். நீங்கள் ஒரு தரத்தோடு விட்டுவிட்டீர்களாம். மகளை இவர்களுக்குப் பிடிக்கவில்லை, எப்படித் திரும்பிப் போவது என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்தாவாம்."

நான் ஐலாவைப் பார்த்தேன், அவ என்னைப் பார்த்தா. இரண்டு பேரும் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு ஒரே அறையில் எதிரெதிரே இருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவவைக் கட்டிப்பிடித்தேன். அவ பலகை போல நின்றா, ஆனால் விலகவில்லை.

பிறகு வெள்ளித்தாளைப் பிரித்தோம். பின்னல் போட்ட பெரிய இனிப்பு ரொட்டி, எங்கள் பணிஸ் மாதிரி. ஏலக்காய் மணம் அறை முழுக்க எழும்பியது. "இது நோர்வேயிலையும் இருக்கு!" என்றார் அண்ணை. அன்றைக்கு அவர் சரியாகச் சொன்ன இரண்டாவது விஷயம். பாவம், அவருக்கும் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தேன்.

போகும்போது ஐலா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டியபடி, "கோடையில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்றா.

"உங்களுக்கு ஏன் சிரமம்" என்றேன். அண்ணை பின்னால் இருந்து, "ஓம் எண்டு சொல்லு, விட்டிடுவா" என்று முணுமுணுத்தார்.

ஐலா விடவில்லை. இடத்தைச் சொல்லி மறுபடி கூப்பிட்டா. "இவருக்கு லீவு கிடைக்காது" என்றேன். அவ நிமிர்ந்து, சிரிக்காமல், என் கையைப் பிடித்து மூன்றாம் தரமும் கூப்பிட்டா.

"வாறம்" என்றேன் தமிழில். அவவுக்கு விளங்கிவிட்டது.

எல்லாரும் போன பிறகு குசினியில் நான் கிளாஸ்களைக் கழுவ, பெனடிக்ற் பக்கத்தில் நின்று துடைத்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு சொட்டு மிச்சமில்லை. என் கண் கலங்குவதை அந்த மனுஷன் கண்டுவிட்டார்.

"இந்த முறை எனக்குக் குடிக்க ஒண்டும் விட்டுவைக்கேல்லை அவையள்" என்றார்.