கிளி பேசாத நாள்

பறவைகளுக்காக ஒதுக்கப்பட்ட அந்தத் தீவில், முட்டையிடும் பருவம் வந்துவிட்டால் நான்கு பேர்தான் இருப்பார்கள். ரேஞ்சர், படகோட்டி, கூடுகளைக் கணக்கெடுக்கும் பெண், அவளுடைய நாத்தனார். சமையலும் ஆபீஸும் நாத்தனார் பொறுப்பு. கூடு எண்ணுகிறவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் கிளி. தூக்கத்தில்கூட அவள் வாய் ஓயாது என்று நாத்தனார் சத்தியம் செய்வாள்.

வேலை முடிந்தபின் பொழுதைத் தள்ளுவதுதான் பெரும்பாடு. அதனால் அவ்வப்போது ஒரு சவால் வைத்துக்கொள்வார்கள். தோற்றவர் கக்கூஸ் கழுவ வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கூடாரம் அடிக்கச் சொன்னபோது படகோட்டி தன்னையும் உள்ளே வைத்துச் சுருட்டிக்கொண்டார். நாரை மாதிரி ஒற்றைக் காலில் நிற்கும் போட்டியில், அத்தனை விறைப்பான ரேஞ்சர் மண்ணைக் கவ்வினார்.

இந்த முறை படகோட்டி சொன்ன சவால் கிளிக்கு மட்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவள் வாயே திறக்கக் கூடாது. மற்ற மூவரும் வாக்கி-டாக்கியில் அவளைச் சீண்டிப் பேசவைக்கப் பார்க்கலாம். ஏதாவது ஆபத்து என்றால் என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. கிளிக்கும்தான். இதெல்லாம் ஒரு சவாலா என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு, வாக்கி-டாக்கியை மார்போடு மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தீவின் மறுகோடியில் ஒரு மணல்மேடு. அங்கே ஆலா என்னும் வெள்ளைக் கடற்பறவைகள் வெறும் மணலில் குழி பறித்து முட்டை வைத்திருந்தன. மேட்டில் கால் வைத்தால் பறவைகள் மிரளும் என்பதால் கிளி எப்போதும் கீழே கரையோரப் பாறைகள் வழியாகவே போவாள். அன்றும் அப்படித்தான் போனாள். பாசி படிந்த ஒரு பாறையில் கால் வழுக்கியது. பிடிக்க நீட்டிய கை எதையும் பிடிக்கவில்லை. அவள் இரண்டு பாறைகளுக்கு நடுவே சரிந்து விழ, மேலே சாய்ந்திருந்த கல்லொன்று புரண்டு அவள் கணுக்காலை அழுத்திக்கொண்டது.

வலியில் கண் இருட்டியது. அப்போதும் முதலில் அவள் செய்த காரியம் உதட்டைக் கடித்துக்கொண்டதுதான். சவால் நினைவு. அடுத்த கணமே அந்தப் பைத்தியக்காரத்தனம் உறைத்து, வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினாள். பொத்தான் நசுங்கி உள்ளே போயிருந்தது. எத்தனை முறை குத்தியும் பேச்சு போவதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. ஆனால் கேட்க முடிந்தது.

"கிளி, நீ எண்ணுறதெல்லாம் தப்புன்னு ரேஞ்சர் சொல்றார்," என்றது படகோட்டியின் குரல். "ஒரு வார்த்தை மறுத்துப் பேசு பார்ப்போம்."

பின்னால் நாத்தனார் சிரிப்பது கேட்டது.

கிளி கத்தினாள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. ஆலாக்களின் இரைச்சல் வேறு. தன் குரல் தனக்கே சன்னமாகத்தான் கேட்டது. கல்லைத் தள்ளிப் பார்த்தாள், காலை முறுக்கி இழுத்துப் பார்த்தாள். கல் அசையவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. விழுந்தபோது அது முழங்காலளவுதான். அன்று உச்சிவேளைக்குள் கடல் ஏறி இந்தப் பாறைகள் அடையாளமே தெரியாமல் மூழ்கிவிடும் என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

ரேஞ்சரும் தன் பங்குக்கு ஏதோ அசட்டு ஜோக் அடித்தார். அவர் ஜோக் அடித்து அவள் கேட்டதேயில்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். இப்போது அந்தக் குரல்கள் ஓயக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். ஓர் அலை மார்பில் மோதியது. வாக்கி-டாக்கி கரகரத்து அடங்கியது. தாலி கட்டியவனின் முகம், ஊரில் மாமியாரிடம் விட்டுவந்த மகளின் முகம் என்று மாறி மாறி வந்தன. இரண்டையும் அவள் விரட்டினாள். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழுகைதான் வரும்.

அண்ணாந்து பார்த்தபோது மேட்டின் விளிம்பு தெரிந்தது. ஆலாக்கள் எழும்பினால் ஆபீஸ் வாசலிலிருந்தே தெரியும். மிரட்டினால் எழும்பும். எழும்பினால் முட்டை தின்னக் காக்கைகள் இறங்கும். அந்த முட்டைகளுக்காகத்தான் இத்தனை நாளும் அவள் பாறையில் தடுமாறி நடந்தாள்.

தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கூழாங்கல்லை எடுத்தாள். முதல் கல் மேட்டை எட்டவேயில்லை. இரண்டாவது மணலில் விழுந்ததும் வெள்ளைத் துணியை உதறியதுபோல் பறவைகள் மொத்தமாக எழும்பின. வட்டமடித்து மறுபடி உட்கார்ந்தன. அவள் மறுபடி எறிந்தாள். காக்கை ஒன்று முட்டையோடு பறப்பதைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தபின் கற்கள் கைக்கு எட்டவில்லை.

ஆபீஸ் வாசலில் ரேஞ்சர்தான் அதைக் கவனித்தாராம். பருந்து வந்தால் ஒரு தடவை எழும்பி அடங்கும், இதென்ன திரும்பத் திரும்ப என்று முணுமுணுத்திருக்கிறார். கிளி நம்மிடம் ஏதாவது விளையாட்டுக் காட்டுகிறாளா என்று படகோட்டி கேட்டார். நாத்தனார் வாசலுக்கு வந்து மேட்டைப் பார்த்தாள்.

"அண்ணி அங்க இருக்கும்போது அதுங்க ஏன் பறக்குது?" என்றாள். "ஒரு பறவையை மிரட்ட விடுவாங்களா அவங்க?"

பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள். படகோட்டி கடப்பாரையை எடுத்துக்கொண்டார். எதற்கு எடுத்தார் என்று பின்னால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் வந்தபோது கிளி முகத்தை வானம் பார்க்கத் தூக்கி, அலைக்கும் அலைக்கும் இடையே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் தண்ணீரில் குதித்து அவள் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள்.

"வந்துட்டோம் அண்ணி. என்னைப் பிடிச்சுக்கோங்க."

"கால்," என்றாள் கிளி. "கால் மாட்டியிருக்கு."

படகோட்டி மூழ்கிக் கடப்பாரையைச் செருகினார். முதல் தடவை அது வழுக்கிவிட்டது. அதற்குள் ஓர் அலை கிளியின் முகத்தை மூடியது. நாத்தனார் தன் உள்ளங்கையால் அவள் மூக்கையும் வாயையும் பொத்தி, அலை போனபின் எடுத்தாள். ரேஞ்சரும் சேர்ந்து நெம்பியபோது கல் கொஞ்சம் எழும்பியது. அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது.

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. படகில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படகோட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன்னால்தான், தன்னால்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாலு பேரும் சேர்ந்து ஆடினதுதானே என்றாள் கிளி. குளிரில் பல் தந்தியடித்ததில் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது. எத்தனை முட்டை போச்சு என்று ரேஞ்சரிடம் கேட்டாள். அவர் தன் சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்தினார்.

கட்டுப் பிரித்து அவள் திரும்பி வந்தபோது பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. முட்டையை இழந்த ஜோடிகளில் சில மறுபடி குழி பறித்து உட்கார்ந்திருந்தன. மேட்டுக்குத் தொலைவிலேயே நின்று தொலைநோக்கியில் பார்த்தாள். பிறகு பாறைப் பக்கம் நாலடி வைத்தாள். ஓர் அலை பாறையில் மோதிச் சிதறியது. அவ்வளவுதான், அதற்குமேல் அடி வைக்காமல் நின்றுவிட்டாள்.

"இன்னைக்கு வேணாம் அண்ணி," என்று நாத்தனார் கையைப் பிடித்தாள். கிளி மறுக்கவில்லை. ஈர மணலில் இருவரும் மெதுவாகத் திரும்பி நடந்தார்கள்.