பெட்டிக்குள் அக்கா

அந்த நிறுவனத்துக்கு நான்கு ஊர்களில் டிவி நிலையங்கள், அவற்றோடு ஒரு தினசரி. அக்கா டிவியில், தம்பி தினசரியின் அச்சகத்தில்.

மதியச் செய்தியின்போது திரையின் மூலையில் ஒரு பெட்டிக்குள் நின்று செய்தியைச் சைகையில் சொல்வது அக்காவின் வேலை. பிறவியிலேயே காது கேளாத தம்பிக்காகச் சின்ன வயதில் பழகிய பாஷை, பிறகு அவளுக்குச் சோறு போட்டது. தம்பி பகல் ஷிப்டில் ஞாயிறு இணைப்பு ஓட்டுவான். இயந்திர இரைச்சலுக்கு மற்றவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார்கள். அவன் பாட்டுக்கு வேலை பார்ப்பான். ஒன்றரை மணிக்கு மட்டும் கேன்டீன் டிவி முன்னாலிருந்து அவனை அசைக்க முடியாது.

ஒரு திங்கட்கிழமை, விளம்பரப் பட்டை ஓட இடம் வேண்டுமென்று தலைமை அலுவலகம் அந்தப் பெட்டியைப் பாதியாகக் குறைத்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் தம்பியின் விரல்கள் கேட்டன: "இன்னிக்கு என்ன சொன்னே? ஒண்ணுமே புரியலை. கொசு அடிக்கிற மாதிரி இருந்துச்சு."

அக்கா சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் செய்தித் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பார்த்தாள். "மேலிடத்து முடிவும்மா" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

தம்பி விடவில்லை. நாலு வரி எழுதிக்கொண்டு மாடியேறி, வாசகர் கடிதங்களைப் பார்க்கும் துணையாசிரியரின் மேசையில் வைத்தான். 'திரையில் வருபவர் என் அக்கா. அது இருக்கட்டும். எங்களுக்குச் செய்தி வேண்டும். அவர் விரல்கள் தெரியவில்லை.'

"நம்ம பேப்பர்லயே நம்ம டிவியைக் குறை சொல்றதா? என் வேலைக்கே வேட்டு வச்சிடுவே போலிருக்கே!" என்றார் துணையாசிரியர்.

அவர் முகத்தைப் பார்த்தே தம்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேசையில் கிடந்த அன்றைய தாளைப் புரட்டி, கடிதப் பகுதியின் உச்சியில் இருந்த வரியைத் தொட்டுக் காட்டினான்: 'இங்கே உங்கள் குரல்.'

துணையாசிரியர் கடிதத்தை எடுத்து, அச்சுக்குப் போகும் கட்டில் செருகினார். வியாழக்கிழமை கடிதம் ஒரு எழுத்து குறையாமல் வெளிவந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மாவே அச்சகத்துக்கு வந்துவிட்டார். சரியாக ஒன்றரை மணிக்குக் கேன்டீனுக்குள் நுழைந்தார். துணையாசிரியர் மாடியிலிருந்து ஓடி வந்தார். தம்பி அலட்டிக்கொள்ளாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாளை உட்காரச் சொல்லிக் கைகாட்டினான்; டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்தான்.

அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், முன்னால் குனிந்தார். பத்து நிமிஷம் ஓடியது.

"என்னதான் சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றார் கடைசியில்.

"அதைத்தாம்மா அவனும் கேக்கறான்" என்றார் துணையாசிரியர்.

அடுத்த திங்களன்று விளம்பரப் பட்டை திரையின் உச்சிக்குப் போனது. பெட்டி முன்பைவிடப் பெரிதாகவே திரும்பி வந்தது.

"இன்னிக்காவது தெரிஞ்சுதா?" சாயங்காலம் அக்கா விரல்களால் கேட்டாள்.

"பளிச்சுன்னு தெரிஞ்சுது. அமைச்சர் பேசறப்ப நீ கொட்டாவியை அடக்கினதும் தெரிஞ்சுது."

அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.