இருளப்பன் செத்த காட்சி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் செர்டாங் முனியாண்டி என் நாக்கை எடுத்துக்கொள்ளட்டும். மிச்சமிருக்கும் நான்கு பல்லையும் சேர்த்தே.

யோகேந்திரன் சுங்கைப்பட்டாணியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். ஒரு திங்கட்கிழமை, இழப்பீட்டுப் பாரம் ஒன்றைப் பாதி நிரப்பிக்கொண்டிருந்தவன் எழுந்து, படம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். பாக்கார் ஆராங்கில் இருந்த வீட்டில் அவன் மனைவி ஷாமளா அழவில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருந்தா கடியாரமாச்சும் குடுத்திருப்பாங்க லா," என்றாள்.

செர்டாங் பக்கத்து எஸ்டேட்டில் படம் முக்கால்வாசி முடிந்தது. கடைசிக் காட்சி மட்டும் மசியவில்லை. லோரி ஓட்டி ஓய்ந்த இருளப்பன் பிணமாகப் படுப்பான். சுற்றி நிற்பவர்கள் அழவேண்டும். படுப்பதில் அவனைக் குறைசொல்ல முடியாது. இரண்டுமுறை குறட்டையே விட்டான். அழ வந்த பெண்கள்தான் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். அழுகை இல்லையென்றால் படம் இல்லை. படம் இல்லையென்றால் அந்தப் பாரத்தின் மறுபாதியைப் போய் நிரப்பவேண்டியதுதான்.

சுவரில் ஒட்டுவதற்காக யோகேந்திரன், இருளப்பன் முகம் போட்டு, 'காலமானார்' என்று ஓர் அறிவிப்பு தயாரித்து, கேமராக்காரன் அமலனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பப் போனான். பதினெட்டு வருடம் ஒரு மின்னஞ்சலைக்கூட ஆள் மாற்றி அனுப்பாத விரல், அன்று கோயில் குழுவைத் தொட்டுவிட்டது.

ஒரு மணி நேரத்தில் பண்டார் பாருவிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். மூன்று வேன், ஒரு பஸ், மேளம். செம்பனை மரங்கள்கூட மட்டையைத் தொங்கப்போட்டன என்கிறார்கள்; அது எனக்குத் தெரியாது, தெரிந்ததை மட்டும்தான் சொல்வேன்.

"அண்ணே, உண்மையச் சொல்லிருவோம். பெறகு சூசா, பெரிய வம்பாப் போயிரும் லா," என்றான் அமலன்.

யோகேந்திரன் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள், பத்து வருடமாக இருளப்பனோடு பேச்சை முறித்திருந்த தங்கை நவமணி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பாடையில் விழுந்தாள்.

"எடுறா," என்றான் யோகேந்திரன், கேமராவைக் காட்டி.

"அண்ணே! ஒன் சண்டச்சேவல நாந்தாண்ணே கொழம்பு வச்சேன்! மன்னிச்சிருண்ணே!"

பிணம் கண்ணைத் திறந்தது. "அன்னிக்கே தெரியும்டி. வாசம் எங்க வீடு வரைக்கும் அடிச்சிச்சு. ஒரு காலாச்சும் குடுத்துவிட்டியா?"

கூட்டம் ஓடியதில் செருப்பு மட்டும் மூன்று வேன் தேறியது. நவமணி ஓடவில்லை. கையிலெடுத்த செருப்பால் அண்ணனை அடித்தாள், அடித்தபடியே அழுதாள். இருளப்பன் தலைமாட்டு விளக்கு சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான். யோகேந்திரன் 'கட்' சொல்லவில்லை. பதினெட்டு வருடம் ஊரார் இழப்புக்கெல்லாம் தொகை போட்டவனுக்கு, இதற்கு என்ன போடுவதென்று தெரியவில்லை.

படம் அந்தக் காட்சியோடு முடிந்தது. பிறகு இரண்டு வருடத்தில் இன்னும் நான்கு எடுத்துவிட்டான். எதிலும் யாரும் அவ்வளவு அழகாக அடிவாங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, இருபது வருடம் ஒரு நாள்கூட விடாமல் வேலைக்கு வந்ததற்காக, காப்புறுதி அலுவலகத்தில் யோகேந்திரனுக்குக் கடிகாரம் கொடுத்தார்கள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்; நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது.